இருமலை நீண்ட நாள் வாழவைப்பது எப்படி?

இருமல் வருவது பெரிய சாதனை இல்லை. மழையில் நனைந்தவருக்கும் வரும், வீட்டுக்குள்ளேயே கிடந்தவருக்கும் வரும். சளியோடு ஒட்டிக்கொண்டு வருகிற சாதாரண இருமல், சும்மா விட்டால் சராசரியாக 18 நாளில் தானே கிளம்பிவிடும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 18 நாளில் போய்விடுகிற இருமலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு கல்யாணத்துக்குப் போய் நாலு பேரிடம் சொல்லி முடிப்பதற்குள் நின்றுவிடும்.

இருமலை நிலைக்க வைக்க உழைப்பு வேண்டும். கவலைப்படாதீர்கள், அந்த உழைப்பில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கையேடு அதை வரிசைப்படுத்தித் தருகிறது, அவ்வளவுதான்.

முதலில் இலக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 3 வாரத்துக்குள் நின்றுவிட்டால் அது தொடக்கப் பள்ளி. 3 முதல் 8 வாரம் வரை இழுத்தால் உயர்நிலைப் பள்ளி. 8 வாரம் தாண்டினால்தான் டாக்டர்கள் அதை ‘நாள்பட்ட இருமல்’ என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாம் போக வேண்டியது அங்கே.

முன்மாதிரி வேண்டுமென்றால் என் பெரியப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். தெருமுனை டீக்கடையைத் தாண்டும்போதே அவருடைய இருமல் வீட்டுக்கு வந்துவிடும். ஆள் வந்து சேர இன்னும் 2 நிமிடம் ஆகும். அதற்குள் பெரியம்மா அடுப்பில் பாலை ஏற்றிவிடுவார். பேரப்பிள்ளைகள் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை விரித்துவிடுவார்கள். அந்த வீட்டில் காலிங் பெல் கிடையாது. தேவைப்பட்டதே இல்லை. ‘எப்போதிலிருந்து இந்த இருமல்?’ என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியாது. நம் முதல் பாடம் அதுதான்.

1. தேதியைத் தொலைத்துவிடுங்கள்

காலண்டரில் பால் கணக்கு இருக்கட்டும். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி இருக்கட்டும். இருமல் தொடங்கிய தேதியை மட்டும் எழுதிவிடாதீர்கள். டாக்டர் ‘எத்தனை நாளா?’ என்று கேட்டால், கூரையைப் பார்த்து யோசித்து, ‘ஒரு நாலஞ்சு நாளா சார்’ என்று சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி, ‘தீபாவளிக்கு முன்னாடியே இருந்துச்சே’ என்று ஆரம்பிப்பார். ஒரு முறை முறையுங்கள். அடுத்த தடவை தனியாகவே போங்கள்.

நாலஞ்சு நாள் என்பது அருமையான அளவு. போன மாதம் கேட்டாலும் நாலஞ்சு, அடுத்த மாதம் கேட்டாலும் நாலஞ்சு. உங்கள் இருமலுக்கு வயதே ஏறாது.

2. தீர்ப்பை முதலில் எழுதுங்கள், விசாரணை வேண்டாம்

இருமல் ஏன் வந்தது என்று யாரையும் கேட்காதீர்கள். நீங்களே சொல்லிவிடுங்கள். பனி. ஏசி. தண்ணீர் மாறியது. தலைக்குக் குளித்தது. மச்சான் வீட்டில் குடித்த ஐஸ் வாட்டர். எதுவும் கிடைக்கவில்லை என்றால் வாழைப்பழம் இருக்கிறது. அது எதிர்த்துப் பேசாது.

விடாத இருமலுக்குப் பின்னால் பெரும்பாலும் நிற்பவை மூன்று: மூக்கிலிருந்து தொண்டைக்குள் வடிகிற சளி, ஆஸ்துமா, வயிற்றிலிருந்து மேலேறி வரும் அமிலம். நம் ஊரில் நாலாவதாகவும் ஒன்று உண்டு, அதைக் கடைசியில் பார்ப்போம். இந்த நாலுக்கும் வாழைப்பழத்தோடு ஒரு பழக்கமும் இல்லை. ஆனாலும் வீட்டில் வாழைப்பழம் வாங்குவதை நிறுத்துங்கள். ஏதோ நடவடிக்கை எடுத்த நிம்மதி கிடைக்கும்.

3. பாட்டி சொன்னதில் பாதியை மட்டும் கேளுங்கள்

காலையில் சுக்கு, மிளகு, திப்பிலி. 10 மணிக்குக் கற்பூரவல்லிச் சாறு. மதியம் தூதுவளை ரசம். சாயங்காலம் ஆடாதொடைக் கஷாயம். இடையிடையே வாயில் அதக்கிக்கொள்ள அதிமதுரமும் சித்தரத்தையும். படுக்கும்போது மஞ்சளும் பனங்கற்கண்டும் போட்ட பால். நெஞ்சில் தைலம்.

இதில் எதையும் குறை சொல்ல முடியாது. ஆடாதொடை இலையில் வாசிசின் என்ற சத்து இருக்கிறது. அதைப் பின்பற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தையே உருவாக்கினார்கள். நீங்கள் கடையில் வாங்கும் பல சிரப்புகளில் அது இருக்கிறது. பாட்டியும் மெடிக்கல் ஷாப்காரரும் ஒரே செடியின் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், பாட்டியின் வைத்தியத்துக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு: ‘மூணு நாள் குடுத்துப் பாரு, கேக்கலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.’ கஷாயத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியை விட்டுவிடுங்கள். மூன்று நாளை மூன்று மாதமாக்கிக்கொள்ளுங்கள். கேட்டால் ‘நாங்க இயற்கை வைத்தியந்தான்’ என்று சொல்லலாம்.

4. மெடிக்கல் ஷாப்பில் ஆலோசனை பெறுங்கள்

சாயங்காலம் 7 மணிக்குப் போங்கள், கூட்டம் இருக்கும்போது. பத்து பேர் தோளுக்கு மேலே கையை நீட்டிக் கேளுங்கள்.

‘அண்ணே, இருமலுக்கு ஒண்ணு குடுங்க.’

‘வறட்டு இருமலா, சளி இருமலா?’

‘ரெண்டும்ணே.’

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற பையன் வேலைக்குச் சேர்ந்து 3 வாரம் ஆகியிருக்கும். உங்கள் இருமல் அவனுக்கு சீனியர். அவன் அலமாரியை ஒரு பார்வை பார்த்து ஒரு பாட்டிலை எடுத்து வைப்பான். பக்கத்தில் தைலம் வாங்க வந்த பெரியவர், ‘அது வேணாம், அந்தப் பச்சைப் பாட்டில் குடுப்பா, எனக்கு அதுதான் கேட்டுச்சு’ என்பார். பெரியவருக்கு என்ன நோய் என்று கேட்காதீர்கள். பச்சையை வாங்குங்கள்.

லேபிளைப் படிக்க வேண்டாம். படித்தால் சில பாட்டில்களில் இருமலை அடக்கும் மருந்தும், சளியை இருமி வெளியேற்றச் செய்யும் மருந்தும் ஒன்றாகவே இருப்பது தெரிந்துவிடும். ஒரே காலில் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் மிதிப்பது மாதிரி. வண்டி எங்கும் போகாது, இன்ஜின் மட்டும் உறுமும். மூடியில் அளந்து குடிப்பது கோழைகள் செய்வது. பாட்டிலோடு ஒரு மடக்கு. தூக்கம் சொக்கிக்கொண்டு வரும். அதைக் குணமாகிறது என்று எடுத்துக்கொண்டு, அப்படியே பைக்கை எடுங்கள்.

5. ஆன்டிபயாட்டிக்கைக் கத்தரித்து வாங்குங்கள்

சளி இருமல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆகவே தைரியமாக வாங்குங்கள். முழு அட்டை வேண்டாம், ‘மூணு மட்டும் வெட்டிக் குடுங்க’ என்று சொல்லுங்கள். கத்தரி எப்போதும் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கம் கடையிலேயே தங்கிவிடும்.

முதல் நாள் ஒன்று. மறுநாள் கொஞ்சம் தேவலை என்றால் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை ஸ்டீல் டப்பாவில், போன வருட மாத்திரைகளோடு சேர்த்து வையுங்கள். நாத்தனாருக்கு இருமல் வரும்போது உதவும்.

இதில் தேர்ந்தவர்கள் லீவோஃப்ளாக்சசின் மாதிரி வலுவானதைக் கேட்டு வாங்குவார்கள். அதற்கு ஒரு கூடுதல் குணம் உண்டு. உள்ளே காசநோய்க் கிருமி இருந்தால் அதை முழுதாகக் கொல்லாமல் கொஞ்ச நாளைக்குத் தலை சாய்க்க வைக்கும். இருமல் குறையும், பசி எடுக்கும், ‘பாத்தீங்களா’ என்பீர்கள். நோய் என்னவென்று தெரிய வேண்டிய நாள் இன்னும் சில வாரம் தள்ளிப்போகும். 8 வாரத்தை எட்ட இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

6. இந்தப் படி இல்லை

‘பெரியவங்க சிரப்பையே குழந்தைக்குப் பாதி மூடி குடுங்க’ என்று இங்கே எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சாதாரண இருமலுக்கு சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாத பொருள் அது.

2 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இருமல், சளி மருந்தே எழுதக் கூடாது, 5 வயதுக்குக் கீழே பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் கூடாது. குழந்தை மூச்சு வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், கடலையோ பொட்டோ விழுங்கியபின் திடீரென இருமத் தொடங்கினால், உடனே ஆஸ்பத்திரி. இதில் வேடிக்கை எதுவும் இல்லை. அடுத்த படிக்குப் போவோம்.

7. டாக்டர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தாதீர்கள்

பிரஷருக்கு ஒரு டாக்டர், இருமலுக்கு ஒரு டாக்டர், இருவரும் வேறு வேறு தெரு. பிரஷர் டாக்டரின் சீட்டு பீரோவில், இருமல் டாக்டரின் சீட்டு சட்டைப் பையில். இரண்டும் எந்நாளும் சந்திக்கக் கூடாது.

ஏனென்றால் எனலாப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’லில் முடிகிற பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுகிற 100 பேரில் 5 முதல் 20 பேருக்கு வறட்டு இருமல் வரும். தொண்டையில் இறகு வைத்து வருடுகிற மாதிரி இருக்கும். சளி வராது, சிரப் கேட்காது. மாத்திரை தொடங்கிப் பல மாதம் கழித்துக்கூட வரலாம். பெண்களுக்கு அதிகம். டாக்டர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றினால் பெரும்பாலும் சில வாரத்தில் நின்றுவிடும். அந்த ஆபத்தை எப்படியாவது தவிர்க்க வேண்டும். ‘வேற எதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?’ என்று கேட்டால் ‘இல்ல சார்’ என்று சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையை யார் மாத்திரை என்று எண்ணுகிறார்கள்? அது காபி மாதிரி.

விஷயம் தெரிந்துபோய்விட்டதா? அப்படியானால் யாரையும் கேட்காமல் ஒரு நாள் காலையில் பிரஷர் மாத்திரையை நிறுத்துங்கள். இருமல் போகும். பிரஷர் வரும். பிறகு இருமலைப் பற்றி நினைக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

8. பத்தரைக்குப் பரோட்டா, பத்தே முக்காலுக்குப் படுக்கை

இரவுச் சாப்பாட்டை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவைக் குளம் கட்டி, கடைசியில் ஒரு ஆம்லெட். கையைக் கழுவிய ஈரம் காயும் முன் படுத்துவிடுங்கள், மட்டமாக, தலையணை இல்லாமல்.

வயிற்று அமிலம் தொண்டைப் பக்கம் ஏறி வரும். நெஞ்செரிச்சல் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. இருமல் மட்டுமே வரலாம். அதுதான் இதில் அழகு, யாரும் வயிற்றைச் சந்தேகிக்கவே மாட்டார்கள். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பிடுவது, கட்டிலின் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்துவது, தொப்பையைக் குறைப்பது போன்ற மலிவான யோசனைகளை யாராவது சொன்னால், ‘எனக்கு கேஸ் டிரபிள்தான், அல்சர் இல்ல’ என்று பேச்சை மாற்றுங்கள்.

9. இன்ஹேலரைப் பார்த்தால் ஓடுங்கள்

விடியற்காலை 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுகிறீர்களா? சிரித்தால், மாடிப்படி ஏறினால், ஊதுபத்தி வாசம் பட்டால் இருமல் வருகிறதா? இழுப்புச் சத்தம் இல்லாமல் இருமல் மட்டுமாக வரும் ஆஸ்துமா உண்டு. ஆனால் அந்த வார்த்தையை வீட்டில் உச்சரிக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஈசினோபில் எண்ணிக்கை இரண்டு புள்ளி கூடியிருந்தால் போதும், ‘எங்களுக்கு ஈசினோபீலியா, பரம்பரையா இருக்கு’ என்று சொல்லிவிடுங்கள். கேட்க கௌரவமாக இருக்கும். உண்மையான வெப்பமண்டல ஈசினோபீலியா யானைக்கால் நோய்ப் புழுவால் வருவது என்றும், அதற்குத் தனி மாத்திரை இருக்கிறது என்றும் யாருக்கும் தெரிய வேண்டாம்.

டாக்டர் இன்ஹேலர் எழுதினால் கையை எடுத்துக் கும்பிடுங்கள். ‘பழகிடும் சார். மாத்திரையாவே குடுங்க.’ சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரில் இரண்டு முறை இழுத்தால் 0.2 மில்லிகிராம். 20-ல் ஒரு பங்கு, அதுவும் போக வேண்டிய நுரையீரலுக்கே நேராகப் போகும். நீங்கள் 20 பங்கை வயிற்றின் வழியாக உடம்பு முழுக்க ஓடவிட்டு, கை நடுங்க, நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருங்கள். மகளுக்கு வரன் பார்க்கிற வீடாக இருந்தால் இன்ஹேலரை அரிசிப் பானைக்குள் ஒளித்து வையுங்கள். மாப்பிள்ளை வீட்டாரும் அவர்கள் வீட்டு அரிசிப் பானையில் ஒன்றை வைத்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

10. ஜன்னலைச் சாத்தி, சுருளைக் கொளுத்துங்கள்

ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிப்பதற்குள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று ஒரு ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. குடும்பத்தில் யாருக்கும் புகைப்பழக்கம் இல்லை என்று பெருமைப்படும் வீடுகளுக்கு இது வரப்பிரசாதம். ஜன்னலைச் சாத்துங்கள், கதவிடுக்கில் துணியைச் சொருகுங்கள், சுருளைக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். வெள்ளிக்கிழமை கூடவே சாம்பிராணி. கொசுவலை வாங்கினால் இந்த ஏற்பாடு முழுக்கப் பாழாகிவிடும்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை. ஆகவே வீட்டில், பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்துப் பாத்ரூமில் பிடியுங்கள்.

11. பைக் சாவியால் காது குடையுங்கள்

சிறிய படி, ஆனால் சுவையானது. காதுக்குள் போகும் ஒரு நரம்பு, இருமலைக் கிளப்பும் அதே பெரிய நரம்பின் கிளை. அதனால் சிலருக்குக் காதைத் தொட்டாலே இருமல் வரும். அழுக்கு அடைத்திருந்தாலும் வரும். டாக்டர் காதுக்குள் ஒரு நிமிடம் விளக்கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குள் நீங்கள் சாவி, கொண்டை ஊசி, கோழி இறகு, பேனா மூடி எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடுங்கள்.

12. இருமலைப் பகிர்ந்துகொள்ளுங்கள்

இருமல் வந்தால் உள்ளங்கையை வாய்க்கு வையுங்கள். அதே கையால் கண்டக்டரிடம் சில்லறை கொடுங்கள், கல்யாண வீட்டில் கை குலுக்குங்கள், பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுங்கள். முழங்கை மடிப்பில் இருமுவது 2020-ல் எல்லோரும் கற்றுக்கொண்டு 2022-ல் எல்லோரும் மறந்த பாடம். அதைத் தோண்டாதீர்கள்.

மாஸ்க் போட்டிருந்தால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. பேருந்தில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஊரிலிருந்து வரும்வரை மாஸ்க்கை ஒழுங்காகப் போட்டிருப்பார். இருமல் வந்ததும் இரண்டு விரலால் அதை மெல்லத் தாடைக்கு இறக்கி, முன் சீட்டுக்காரரின் பிடரியில் நன்றாக இருமிவிட்டு, மறுபடி ஏற்றிக்கொள்வார். மாஸ்க் அழுக்காகக் கூடாது அல்லவா. அப்படிச் செய்யுங்கள். சளியைக் காறி ஜன்னல் வழியே துப்பும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டாம்.

13. எச்சரிக்கை மணி அடித்தால் விளக்கம் சொல்லுங்கள்

எடை 5 கிலோ குறைந்துவிட்டதா? ‘வாக்கிங் போறேன்ல.’

சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கிறதா? ‘உடம்புச் சூடு. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா போயிடும்.’

ராத்திரியில் பனியன் நனைகிற அளவு வியர்க்கிறதா? ‘ஃபேன் ஸ்லோவா ஓடுது.’

சளியில் ரத்தமா? ‘வெத்தலை போட்டேன்.’ வெற்றிலை போடுகிற பழக்கம் இல்லாதவர்கள் இன்றே பழகிக்கொள்ளுங்கள்.

குரல் கம்மிப்போய் ஒரு மாதமாகிறதா, 30 வருடமாகப் பீடி பிடிப்பவரின் இருமல் திடீரென்று வேறு மாதிரி மாறிவிட்டதா? ‘அது பழைய இருமல்தான்.’ கால் வீங்கி, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி இருமல் வருகிறதா? ‘வயசாச்சுல்ல.’ இதயத்துக்கும் இருமலுக்கும் சம்பந்தம் இருக்க முடியும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

14. நாலாவது காரணத்தின் பெயரைச் சொல்லாதீர்கள்

எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களைக்கூட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா கவிழ்த்துவிடும். 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இந்த நாட்டின் காசநோய்த் திட்டத்தில் உள்ள விதி. 8 வாரம் இல்லை, 2 வாரம். பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும் தெரு வழியாகவே போகாதீர்கள்.

‘டி.பி.’ என்று யாராவது சொன்னால் குரலைத் தாழ்த்தச் சொல்லுங்கள். ‘நமக்கெல்லாம் அது வருமா?’ என்று கேளுங்கள். கிருமி சாதி, சம்பளம், சொந்த வீடா வாடகை வீடா என்று விசாரித்துவிட்டுத்தான் வரும் என்று நம்புங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும், நம் தெருவில் வீட்டுக்கொரு சர்க்கரைக்காரர் இருப்பதையும் சேர்த்துப் பார்க்காதீர்கள்.

அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் கோக் அறிவித்தது 1882 மார்ச் 24-ல். மருந்து வர அதற்குப்பின் 60 வருடத்துக்கு மேல் ஆனது. புதுமைப்பித்தன் 1948-ல் தம் 42-வது வயதில் இந்த நோய்க்குத்தான் போனார். அவருக்கு வேண்டிய மருந்து உலகில் அப்போதுதான் கண் விழித்திருந்தது. உங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையத்தில் நடந்த ஆய்வு, நோயாளியைச் சானடோரியத்தில் பிரித்து வைக்க வேண்டியதில்லை, வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று உலகத்துக்கே காட்டியது. மின்சார ரயிலில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று அறிவிக்கும்போது இன்று அது பலருக்கு வெறும் ஸ்டேஷன் பெயர். அப்படி ஆனதில் சேத்துப்பட்டுக்கும் பங்கு உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். பயம் போனால் பரிசோதனைக்குப் போய்விடுவீர்கள்.

15. போய்விட்டீர்களா? பாதியில் திரும்புங்கள்

சாதாரண காசநோய்க்கு 6 மாதம் மருந்து. முதல் 2 மாதம் நாலு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன்பு அது 500-ஆக இருந்தது. சில வாரத்திலேயே காய்ச்சல் நிற்கும், பசி எடுக்கும், கன்னம் நிறையும். இந்த இடத்தில்தான் திறமையைக் காட்ட வேண்டும். இரண்டாவது மாத முடிவில், ‘எனக்குத்தான் சரியாயிடுச்சே’ என்று மாத்திரையை நிறுத்திவிடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கிருமிகள் இந்த மருந்துகளைப் பார்த்துப் பழகியவையாகிவிடும். அடுத்த முறை அவற்றுக்கு இவை வேலை செய்யாது. அப்போது வரும் இருமல் உங்களோடு நிற்காது, வீட்டில் எல்லோருக்கும் சொத்தாகப் போய்ச் சேரும்.

தோற்றுப்போன மாணவர்

கடைசியாக என் பெரியப்பாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சியில் அவர் பெயிலாகிவிட்டார்.

போன தை மாதம் அந்த வீட்டுக்கு மருமகள் வந்தாள். ஒரு நாள் மதியம் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: ‘மாமா, எனக்குக் கல்யாணம் ஆகி இன்னிக்கு நாப்பத்தோரு நாள். நான் வந்த அன்னிக்கு ராத்திரியும் நீங்க இருமிட்டுத்தான் இருந்தீங்க.’

பெரியப்பா ‘நாலஞ்சு நாளாத்தான்மா’ என்று ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. அத்தனை வருடமாக அந்த வீட்டில் யாரிடமும் தேதி இல்லை. அவளிடம் இருந்தது. கல்யாணத் தேதியை யாராலும் நாலஞ்சு நாளாக்க முடியாது. மறுநாள் அவளுடைய ஸ்கூட்டியின் பின்னால், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பக்கத்து சுகாதார நிலையத்துக்குப் போனார். சளியில் கிருமி இருந்தது. வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள். வேறு யாருக்கும் இல்லை. 6 மாதம், ஒரு நாள் விடாமல் சாப்பிட்டார். மருமகள் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் தினமும் ஒரு டிக் போட்டாள்.

இப்போது அவர் சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நிற்கிறார். பிள்ளைகள் டிவியோடு மாட்டிக்கொள்கிறார்கள். போன வாரம் அந்த வீட்டில் காலிங் பெல் மாட்டினார்கள்.

அந்தச் சளிப் பரிசோதனை டப்பாவை எப்படி நிரப்புவது என்று பெரியப்பாவிடம் கேட்டேன். இந்தக் கையேட்டில் நேர்மையான ஒரே செய்முறை அதுதான். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். திறந்த இடத்துக்கு, ஆள் இல்லாத பக்கமாகப் போக வேண்டும். ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி, வருகிற சளியை டப்பாவில் துப்பி இறுக மூட வேண்டும். எச்சில் ஆகாது, சளிதான் வேண்டும். மொத்தம் 2 நிமிட வேலை.